மாயக் கண்ணாடி மதுவைத் தடுக்குமா?

பள்ளிப் பிள்ளைகளைக் குடியில் இருந்தும் லாகிரி வஸ்துகளில் இருந்தும் காப்பாற்ற மேல்நாடுகளில் ஒரு புதிய முறையைக் கையாளுகிறார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிப் பிள்ளைகளை மாய உலகத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். அந்த முறை பலன் தந்திருக்கிறதா? நம் ஊருக்கு அது ஒத்து வருமா?

சினேகிதனுக்குப் பிறந்த நாள். மொட்டை மாடியில் கூட்டம். கேக் வெட்டியாகிவிட்டது. பெரியவர்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

யாரோ ஒருவன் சட்டைக்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுக்கிறான். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று கை மாறிக் கை மாறி வருகிறது. 15 வயதுப் பையன் ஒருவன் முன்னால் வந்து நிற்கிறது.

"சும்மா ஒரு வாய்டா! என்ன, பயமா?"

எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் என்ன பதில் சொல்வான்?

"வேண்டாம்" என்பது நாலே எழுத்து. ஆனால் அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தில், அந்த நாலு எழுத்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பது அந்தப் பையனுக்கும் தெரியும். பாட்டிலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியாதது, அந்த டம்ளரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான்.

பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆறுகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுப்பவர் யார்?

டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு கண்ணாடி இதைச் சொல்லிக் கொடுக்கிறது!

கண்ணாடிக்குள் ஓர் உலகம்

திருவிழாக் கடைகளில் பயாஸ்கோப் பெட்டி பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ஒரு துவாரத்தில் கண்ணை வைத்தால் உள்ளே தாஜ்மகால் தெரியும். கண்ணை எடுத்தால் மறுபடியும் கடைத்தெரு.

இந்தக் கருவி அந்தப் பெட்டியின் பேரன் என்று சொல்லலாம். நீர்மூழ்கி வீரர்கள் அணியும் கண்ணாடி மாதிரி முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணுக்கும் சற்றே வித்தியாசமான இரண்டு படங்கள் காட்டப்படுகின்றன. மூளை அவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஆழமும் தூரமும் உள்ள நிஜக் காட்சியாக ஏற்றுக்கொள்கிறது.

அத்தோடு போகவில்லை. தலையை இடது பக்கம் திருப்பினால் இடது பக்கத்தில் இருப்பது தெரியும். அண்ணாந்து பார்த்தால் மேலே வானம் தெரியும். பின்னால் யாரோ கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கலாம். பார்ப்பவர் அந்த இடத்திலேயே நிற்பதாக உணர்கிறார். இதைத்தான் ஆங்கிலத்தில் வெர்ச்சுவல் ரியாலிட்டி என்றும், சுருக்கமாக வி.ஆர். என்றும், தமிழில் மெய்நிகர் உலகம் என்றும் சொல்கிறார்கள்.

இது நேற்றுப் பிறந்த யோசனை அல்ல. மார்ட்டன் ஹெய்லிக் என்ற அமெரிக்க சினிமாக்காரர், படம், ஓசை, வாசனை, காற்று எல்லாம் சேர்ந்து வரும் பெட்டி ஒன்றுக்கு 1962-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கினார். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் என்ற விஞ்ஞானி தலையில் மாட்டும் கருவியைச் செய்துகாட்டினார். அதைக் கூரையில் இருந்து தொங்கும் யந்திரக் கையோடு இணைத்துத்தான் மாட்ட முடிந்தது!

2014-ல் கூகுள் கம்பெனி அட்டைப் பெட்டியில் இரண்டு லென்சு வைத்து, உள்ளே செல்போனைச் செருகிப் பார்க்கும் எளிய கருவியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் இது எட்டும் பொருளாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தத் துறைக்கென்றே எக்ஸ்டிக் என்ற ஆராய்ச்சி மையம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.

டென்மார்க்கில் ஒரு விருந்து

டென்மார்க் சின்ன நாடு. அங்கே 16 வயதிலேயே பீர் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பள்ளிப் பருவத்திலேயே நன்றாகக் குடித்துவிடும் பிள்ளைகள் ஐரோப்பாவில் அதிகம் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று.

அந்த நாட்டின் தென் டென்மார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 15 முதல் 18 வயது வரை உள்ள மாணவர்களுக்காக ஒரு மெய்நிகர் விருந்தைத் தயாரித்தார்கள். அதற்கு வி.ஆர். ஃபெஸ்ட்லேப் என்று பெயர். விருந்துப் பரிசோதனைச் சாலை என்று பொருள் சொல்லலாம். பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து கதை எழுதவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளையே கூப்பிட்டு, விருந்துகளில் என்ன நடக்கிறது, யார் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டுக் கதையை அமைத்தார்கள்.

கண்ணாடியை மாட்டியதும் மாணவன் ஒரு வீட்டு விருந்துக்குள் நிற்கிறான். பாட்டு கேட்கிறது. தோழர்கள் வருகிறார்கள். ஒருவன் பாட்டிலை நீட்டுகிறான். வாங்குவதா, மறுப்பதா? யாரோடு பேசுவது? எப்போது வீட்டுக்குக் கிளம்புவது? எல்லாம் அவன் முடிவு. அவன் எடுக்கும் முடிவுக்குத் தக்கபடி கதையும் மாறுகிறது.

தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாம். நிஜத்தில் அந்த வசதி கிடையாது அல்லவா?

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் 'பிளர்டு மைண்ட்ஸ்' என்ற பாடத்திட்டத்தை நடத்துகிறது. அதிலும் இப்படி ஒரு மெய்நிகர் வீட்டு விருந்து உண்டு. அதனுடன் சில விளையாட்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஓர் 'அளவு' மதுவைக் கண்மட்டத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லும் விளையாட்டும் உண்டு. அந்த நாட்டில் ஓர் அளவு என்றால் 10 கிராம் சாராயம். ஒரு டம்ளர்தானே என்று நினைத்து எவ்வளவு ஊற்றிக்கொள்கிறோம் என்பது அந்த விளையாட்டில் தெரிந்துவிடும்.

பரீட்சையின் முடிவு என்ன?

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. பலன் என்ன?

டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே பரீட்சித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் மாணவர்களுக்கு இந்த விருந்தைக் காட்டினார்கள். வேறு சில பள்ளிகளில் காட்டவில்லை. பிறகு, மது கொடுத்தால் மறுக்க முடியும் என்ற தன்னம்பிக்கை யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். முடிவை 2022-ல் வெளியிட்டார்கள்.

இரண்டு தரப்புக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை!

ஏமாற்றமான செய்திதான். ஆனாலும் அந்த ஆராய்ச்சியாளர்களைப் பாராட்ட வேண்டும். தங்கள் பொருள் பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் ஊரறியச் சொன்னார்கள். கண்ணாடியை விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வாங்க நினைக்கிற பள்ளிக்கூடங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் கண்ணாடியால் பிரயோசனமே இல்லையா? அப்படித் தள்ளிவிடவும் முடியாது. ஒரே ஒரு நாள் காட்டிவிட்டுப் போகும் கண்ணாடியால் பிரயோசனம் இல்லை என்பதுதான் அந்தப் பரீட்சையின் பாடம். இது ஏன் என்று தெரிந்துகொள்ள, இதற்கு முன்பு உலகம் செய்து பார்த்த வேறு சில முயற்சிகளையும் பார்க்க வேண்டும்.

பயமுறுத்தினால் பயப்படுவார்களா?

பிள்ளைகளைத் திருத்த நம் கைக்கு முதலில் வருவது பயமுறுத்தல். கெட்டுப்போன ஈரல் படம், விபத்தில் சிதைந்த மோட்டார் சைக்கிள், ஆஸ்பத்திரிக் கட்டில். இவற்றைக் கண்ணாடிக்குள் காட்டினால் இன்னும் பயங்கரமாக இருக்கும். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன.

ஜானி வாக்கர், ஸ்மர்னாஃப் ஆகிய மது வகைகளைத் தயாரிக்கும் டியாஜியோ கம்பெனியே 2016-ல் இப்படி ஒரு படம் வெளியிட்டது. குடித்துவிட்டு ஓட்டும் காரில், பார்ப்பவரும் ஒருவராக உட்கார்ந்து மோதலை அனுபவிக்கும்படியான படம் அது. மது விற்கும் கம்பெனி மதுவின் தீமையைச் சொல்வது நல்லதா, விளம்பரமா என்ற கேள்வி இருக்கட்டும். பயம் பலிக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். தவறான வழியில் போகும் சிறுவர்களை ஜெயிலுக்குள் அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் செய்தார்கள். 1970-களில் இது ரொம்பப் பிரபலம். சினிமாப் படமே எடுத்தார்கள். பிற்பாடு பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஜெயிலுக்குப் போய்வந்த சிறுவர்களே போகாத சிறுவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்!

1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து போதைப் பொருளின் தீமைகளைச் சொன்னார்கள். சில வருடங்களில் அது அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பரவிவிட்டது. 1994-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பழக்கத்தில் அந்தத் திட்டத்தால் ஏற்பட்ட மாறுதல் மிகச் சொற்பம் என்று தெரிந்தது.

பிறகு அந்தத் திட்டம் பாடத்தை மாற்றிக்கொண்டது. மிரட்டலைக் குறைத்து, மறுக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. தகவலை மட்டும் சொல்வதாலும் பயத்தை மட்டும் கிளப்புவதாலும் பயன் இல்லை என்பது அதன் சாரம். பிள்ளைகளைப் பேசவிட்டு, பழகவிட்டு, பல நாட்கள் தொடர்ந்து நடத்தும் வகுப்புகளே பலன் தருகின்றன என்று அது சொல்கிறது.

பக்கத்தில் சினேகிதன்

பையனுக்குத் தீமை தெரிகிறது. பயமும் இருக்கிறது. இருந்தும் ஏன் டம்ளரை வாங்குகிறான்?

இந்தக் கேள்விக்கு 2005-ல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிடலாம். துணிந்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் மதிப்பெண் கூடும். ஆனால் எந்த நொடியிலும் மோதல் ஏற்படலாம்.

13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், 18 முதல் 22 வயது வாலிபர்கள், 24 வயதைத் தாண்டியவர்கள் ஆகிய மூன்று வகையினரும் ஆடினார்கள். சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் சினேகிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

சினேகிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது சிறு வயதுப் பிள்ளைகள் மிக அதிகமாகத் துணிச்சல் காட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள்!

நிதானத்தைக் கொடுக்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதற்கு முன்னால், சினேகிதனின் பார்வை ஒரு பெரிய பலம். தனியாக இருக்கும்போது அறிவாளியாக இருக்கிற பையன், நாலு பேர் நடுவில் வேறு ஆளாகிவிடுகிறான்.

ஆகவே பிள்ளைக்கு வேண்டியது பயிற்சி. சினேகிதர்கள் நடுவில் நின்று, முகம் கோணாமல், சினேகிதத்தையும் கெடுத்துக்கொள்ளாமல் மறுக்கும் பயிற்சி. நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்களின் படத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது. ஆழம் இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, கையைக் காலை அடித்துப் பழக வேண்டும். கண்ணாடி அப்படி ஓர் ஆழமில்லாத குளமாக இருக்க முடியும். பக்கத்தில் நிற்பதற்கு ஆள் வேண்டும். பல நாள் இறங்கவும் வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி மத்திய சர்க்காருக்காக நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அது சொன்னது. அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு அந்தப் பழக்கத்தில் இருந்து மீள உதவி தேவைப்பட்டது.

அதைவிட நெஞ்சைச் சுடும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. மற்ற போதைகளில் பெரியவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். பசை, தின்னர் போன்றவற்றை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வதில் மட்டும் பிள்ளைகள் முந்திவிட்டார்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம்! உதவி தேவைப்படும் சிறுவர்கள் மட்டும் சுமார் 4.6 லட்சம்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறு உருவங்களும் உண்டு. 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு மாணவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும் அவலத்தை 2024-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையே கவலையோடு விசாரித்தது. புகை வராது, வாசனையும் அதிகம் வராது. ஆசிரியருக்குத் தெரியாது. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போகாமலே கைக்கு வந்து சேரும் சரக்கை அந்தச் சட்டம் எப்படித் தடுக்கும்?

விற்கும் கையும் தடுக்கும் கையும்

மதுவைத் தடுப்பதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

2023-24-ம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45 ஆயிரத்து 855 கோடி ரூபாய். அதே சர்க்கார்தான் 2022 ஆகஸ்டு 11-ந் தேதி போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு என்ற இயக்கத்தைத் தொடங்கி, லட்சக்கணக்கான மாணவர்களை உறுதிமொழி எடுக்கச் செய்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதை எதிர்ப்பு மன்றங்கள் அமைக்கப்பட்டன. 2023-ல் 500 மதுக்கடைகள் மூடப்பட்டன. அதன் பிறகும் 4,829 கடைகள் மிஞ்சின.

ஒரு கை விற்கிறது. ஒரு கை தடுக்கிறது. பிள்ளைகள் இரண்டு கையையும் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் மதுக்கடைக்கும் நடுவே மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர் தூரமும், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரமும் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். 50 மீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு பையன் ஒரே நிமிடத்தில் நடந்து போய்விடுவான். 2015 ஜூலை 31-ந் தேதி காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் போராடி உயிரைவிட்டதும், பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் அருகே இருந்த ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லித்தான்.

மன்னார்புரத்துக்குக் கண்ணாடி வந்தால்...

திருச்சி மன்னார்புரத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னைச் சாலையும் மதுரைச் சாலையும் சேரும் இடம். ரெயில் ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிறது. 1951-ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி கூப்பிடு தூரம். காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ரவுண்டானாவைச் சுற்றிப் புத்தகப் பைகளாகத்தான் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கும் பகுதி வேறு. கேட்பதற்கு ஆள் இல்லாத வயதும் இடமும் ஒன்றாகச் சேரும் சந்திப்பு இது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாளை இந்தக் கண்ணாடி வருவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். வகுப்பில் 40 பேர். கண்ணாடி ஒன்று. ஆளுக்கு 15 நிமிடம் என்றால் மொத்தம் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம்! மற்ற 39 பேரும் அதுவரை என்ன செய்வார்கள்? சிலருக்குக் கண்ணாடி மாட்டினால் தலை சுற்றும், குமட்டும். அவர்களை என்ன செய்வது?

அடுத்தது கதை. டென்மார்க் வீட்டு விருந்தைக் காட்டினால் நம் பிள்ளைகள் அதை இங்கிலீஷ் சினிமா பார்ப்பது போல ரசித்துவிட்டுப் போவார்கள். இங்கே டம்ளர் வரும் இடங்கள் வேறு. கல்யாண வீட்டின் பின்புறம், கிரிக்கெட் மைதானத்தின் ஓரம், காவிரிக்கரை, திருவிழா இரவு, அறைத் தோழனின் கட்டில். கொடுக்கிற ஆளும் வேறு. பெரும்பாலும் சொந்தக்கார அண்ணனோ, பிரியமான மாமாவோதான். "நான் இருக்கேன்ல, குடிடா" என்று அன்போடு நீட்டப்படும் டம்ளரை மறுப்பதுதான் இங்கே கஷ்டம்.

இன்னொரு கதையும் வேண்டும். ராத்திரி அப்பா கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்டே, அன்றைக்கு அவர் குடித்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். "சோடா வாங்கிட்டு வா" என்று அனுப்பப்படும் பையன்கள் இருக்கிறார்கள். குடியின் தீமையைக் காட்ட அவர்களுக்குக் கண்ணாடி தேவையில்லை. பேச ஒரு மனிதர் தேவை. அவர்கள் நடுவே பயங்கரக் காட்சிகளைப் போட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டால், அது வைத்தியம் ஆகாது. புண்ணைக் கீறிவிட்டுப் போவதாகும்.

செலவில்லாத கண்ணாடி

கண்ணாடி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கண்ணாடி செய்கிற வேலையின் பெரும்பகுதியை இரண்டு பெஞ்சுகளும் நாலு மாணவர்களும் செய்துவிட முடியும். நாடகம் போடத் தெரியாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் உண்டா?

அமெரிக்காவின் 'டேர்' திட்டம் பாடத்தை மாற்றிக்கொண்டபோது மறுப்பதற்கு நாலு வழிகளை எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று மறுப்பது, காரணம் சொல்வது, அந்த இடத்துக்கே போகாமல் தவிர்ப்பது, போய்விட்டால் எழுந்து வந்துவிடுவது. நம் பையன்களின் பேச்சில் அது இப்படி வரும்:

"எனக்கு வேண்டாம்டா."

"காலையில மேட்ச் இருக்கு. வாசனை வந்தா கோச் டீம்ல இருந்தே தூக்கிடுவார்."

"நீங்க போங்க, நான் வரலை."

"அம்மா போன் பண்ணிட்டாங்க. கிளம்புறேன்."

வகுப்பில் ஒருவன் டம்ளரை நீட்ட வேண்டும். ஒருவன் மறுக்க வேண்டும். மற்றவர்கள் கேலி செய்ய வேண்டும். பிறகு ஆளை மாற்ற வேண்டும். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை நாக்குக்கு வார்த்தை பழகிவிடும். அது முடிந்ததும் ஆசிரியர் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைகளையும் பேசவிட வேண்டும்.

இப்படி நடக்கும் வகுப்புக்குக் கண்ணாடியும் வந்தால் நல்லது. அது ஆர்வத்தைக் கிளப்பும். கூச்சப்படும் பையனும் கண்ணாடிக்குள் தனியாகத் தப்பு செய்து பார்த்துத் திருத்திக்கொள்வான். வகுப்பே நடக்காத இடத்துக்குக் கண்ணாடி மட்டும் வந்தால், ஒரு நாள் வேடிக்கையாக முடிந்து, பிறகு பீரோவுக்குள் போய்விடும்.

ஐஸ்லாந்து செய்த காரியம்

ஒரு நாடே பிள்ளைகளை மீட்ட கதையும் உண்டு. ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் முந்தின மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது!

என்ன செய்தார்கள்? பிள்ளைகள் மாலை நேரத்தில் போக விளையாட்டுக் கழகங்களும் இசை வகுப்புகளும் ஏற்படுத்தினார்கள். அதற்கான கட்டணத்துக்கு நகரசபை பணம் கொடுத்தது. இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு சிறுவர்கள் பெரியவர் துணை இல்லாமல் வெளியே சுற்றக் கூடாது என்ற சட்டத்தைக் கண்டிப்பாக அமல் செய்தார்கள். பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் பிள்ளையை ஒருவர் கவனித்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் கணக்கெடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கே தெரிவித்தார்கள்.

அதில் மாயக் கண்ணாடி எதுவும் இல்லை. பிள்ளையைச் சுற்றி இருந்த ஊர் மாறியது. மைதானம் திறந்திருந்தது. அப்பா அம்மா வீட்டில் இருந்தார்கள்.

பாலத்தின் மீதிப் பாதி

மன்னார்புரத்துக்காரர்களுக்கு ஒரு பாலத்தின் கதை தெரியும். அரிஸ்டோ ரவுண்டானா மேம்பாலத்தின் சென்னைப் பக்கக் கை, ராணுவ நிலம் கிடைக்காததால் பல வருடங்கள் அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் நிலம்தான் பாக்கி. ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாமல் ஒரு சைக்கிள்கூட அந்த வழியாகப் போக முடியவில்லை. 2023-ல்தான் அது திறக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையும் அப்படித்தான் பாதியில் நிற்கிறது. தீமையைச் சொல்லிவிட்டோம். உறுதிமொழியும் வாங்கிவிட்டோம். டம்ளர் நீட்டப்படும் இடம் வரை அது போய்ச் சேரவில்லை. மறுக்கும் பயிற்சியும், கடையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து தூர வைப்பதும், சாயங்காலத்தில் ஆட ஒரு மைதானமும், வீட்டில் பேச ஒரு ஆளும் அந்த மீதிப் பாதி.

சிறுவருக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரியமான மாமாக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழக்கத்தில் சிக்கியவர்கள் 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணில் யோசனை கேட்கலாம். குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்பதைச் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரி பல ஆயிரம் குடும்பங்களுக்குக் காட்டியிருக்கிறது.

கண்ணாடி வரட்டும். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நூறு தடவை டம்ளரை மறுத்துப் பழகட்டும். ஆனால் அதைக் கழற்றியதும் அவன் முதலில் பார்ப்பது தன் வீட்டையும் தன் தெருவையும்தான். அங்கே அப்பாவின் கையில் டம்ளர் இருந்தால், கண்ணாடிக்குள் கற்ற பாடம் எத்தனை நாளைக்கு நிற்கும்? பெற்றோர்கள் இன்றைக்கே யோசிக்க வேண்டிய கேள்வி இது.